துரை நகர்த்திய சிப்பாய்

அத்தானுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குச் சதுரங்கம் அவ்வளவாக வராது. ஆகவே செய்தித்தாளில் வந்த அந்த ஆட்டத்தை நான் வாசிக்க, அவர் காய் நகர்த்தினார். துறைமுகத்தில் அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை, கிளப்பில் ஜெயித்த ஆட்டம். மொத்தம் முப்பத்தொரு நகர்த்தல்.

அத்தான் ராயபுரத்தில் கரிக்கிடங்கில் கூடை எண்ணுகிறவர். துப்பினால் கறுப்பாக வரும். ஆபீசில் ஒரு நாற்காலி காலியாகியிருந்த சமயம், அத்தான் சதுரங்கத்தில் கெட்டிக்காரர் என்று கேள்விப்பட்டு, தன்னோடு ஞாயிற்றுக்கிழமை ஆட வரும்படி துரையே கூப்பிட்டிருந்தார். நன்றாக ஆடிவிட்டு அந்த நாற்காலியைக் கேட்டுவிடலாம் என்பது அத்தானின் கணக்கு. அக்காவின் கணக்கும் அதுதான்.

முதல் நகர்த்தலிலேயே தகராறு. ராஜாவின் சிப்பாய் நாலாம் கட்டத்துக்கு என்று போட்டிருந்தது. இரண்டாம் கட்டத்தில் நிற்பது ஒரே தாவலில் நாலுக்கு எப்படிப் போகும்? நம் ஆட்டத்தில் சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான்.

“அச்சு கோத்தவனுக்கு எண்ணத் தெரில, மச்சான். மூணுன்னு வெச்சிக்க.”

வைத்துக்கொண்டோம். ஐந்தாவது நகர்த்தலில் குதிரை வெட்டவேண்டிய சிப்பாய் அந்தக் கட்டத்தில் இல்லை. பிறகு ஓரிடத்தில் காயின் பெயரே இல்லாமல் வெறும் இரண்டு சுன்னம், பூஜ்யம் மாதிரி.

“இதுக்கு இன்னா அர்த்தம்?”

“தெரியலை, அத்தான்.”

“தொரை சும்மா குந்திகினு இருந்துகிறாரு!” சிரித்தார்; சிரிப்பு இருமலாயிற்று.

ஒரே ஆட்டத்தில் ஒன்பது பிழை. அவர்கள் ஆட்டத்தின் விதியையும் ஒரு வரி சேர்த்துப் போட்டிருக்கலாம். யார் போடுவார்கள்? அது துரைமார்களுக்காக அச்சடித்த தாள்.

ஞாயிறன்று நானும் கூடப் போனேன். துரை ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். “தப்புங்க, தொரை,” என்று பணிவாகச் சொல்லி, அத்தான் அதை ஒரு கட்டம் பின்னால் இழுத்து வைத்தார். நகக்கண்ணெல்லாம் கரி. துரை பலகையைப் பார்க்கவில்லை. அந்த விரலைப் பார்த்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டுக் காய்களைப் பெட்டியில் போடச் சொன்னார்.

நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று.

மறுவருஷம் ஒரு கப்பல் குமாஸ்தா எனக்கு விளக்கினார்: அவர்கள் ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவை இரண்டு கட்டம் போகலாம், இரண்டு சுன்னம் என்றால் ராஜா யானைக்குப் பக்கத்தில் பதுங்குவது. அதைச் சொல்லத்தான் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் சுவரில் சாய்ந்துகொண்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“கள்ளாட்டம் ஆடினாரு. தொரைன்னா வுட்ருவனா? இழுத்து வெச்சேன் பாரு!”

“ஆமா, பெரிய கில்லாடி. கஞ்சியக் குடி.”

நானும் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு, கொண்டுபோன சேதியோடு திரும்பிவிட்டேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அத்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். துரை கள்ளாட்டம் ஆடிய கதையை அக்கா என் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம், நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.