கத்தக் கூடாத மூன்று மாதம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய கல்லூரியில் எனக்கு உடற்கல்வி இயக்குநர் வேலை. நியமன உத்தரவின்படி எல்லா விளையாட்டும் என் பொறுப்புதான் என்றாலும், நான் ஆசையோடு வளர்த்தது ஆண்கள் கூடைப்பந்து அணியை. வருடத்துக்குப் பன்னிரண்டு பையன்கள், வெடிப்பு விட்ட சிமென்ட் தரை, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த வளையம். உயரமான பையன்களைப் பெரிய கல்லூரிகள் பள்ளியிலேயே பேசி அழைத்துக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பவர்கள் எங்களிடம் வருவார்கள். அவர்களை வைத்துக்கொண்டு ஆட்டம் ஆட எனக்குத் தெரிந்த ஒரே வழி கத்துவது.

நன்றாகக் கத்துவேன். காலை ஐந்தரை மணிக்கு நான் மைதானத்தில் வாயைத் திறந்தால் விடுதியில் யாரும் கடிகாரம் வைத்து எழ வேண்டியதில்லை என்பார்கள். பையன்கள் எனக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது தெரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாவது வருடம் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்று நினைத்து மிளகுப் பால் குடித்தேன். அது இரண்டு மாதமாகியும் சரியாகவில்லை. “ரெண்டு மாசமா சொல்லுதேன், கேக்கீங்களா? நீங்க சாப்பாடு போடுன்னு சொன்னாக்கூட தகரத்த இழுக்குத மாதிரி இருக்கு” என்று மனைவியே என்னை இழுத்துக்கொண்டு போனாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் என்னைவிட வயதில் சிறிய பெண். குழாயை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளைக்குள் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

எடுத்தார்கள். எடுத்த சதையில் கெடுதல் எதுவும் இல்லை என்று சோதனை முடிவும் வந்தது. அதன் பிறகு அவர் சொன்னதுதான் என்னைக் கலங்கடித்தது. பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பிறகு மெல்லப் பேசலாம். மூன்று மாதத்துக்குக் கத்தவே கூடாது.

நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: விசில் ஊதலாமா?

“அதுவும் வேண்டாம் சார். விசில ஊதுனா பின்னாலயே உங்களுக்கு வாய் திறந்துக்கிடும்.”

பல்கலைக்கழகப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. மறுநாள் காலை ஒரு நோட்டும் பென்சிலுமாகப் போய் மைதானத்து ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பையன்களுக்கு விஷயம் தெரியும். அவர்களே இரண்டாகப் பிரிந்து ஆடத் தொடங்கினார்கள்.

பேச முடியாதவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. முதல் அரை மணி நேரத்திலேயே ஒன்று கண்ணில் பட்டது. ஒருவன் வளையத்தைக் குறிபார்த்துப் போடுகிறான், பந்து விழவில்லை. உடனே அவன் தலை பெஞ்சை நோக்கித் திரும்புகிறது. இன்னொருவன் பாஸைத் தவற விடுகிறான். அவன் தலையும் திரும்புகிறது. நான் ஏசுவதற்காகக் காத்திருக்கிறார்கள். ஒரு நொடிகூட இருக்காது, ஆனால் அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கத்துப் பையன்கள் பந்தோடு பாதி மைதானம் தாண்டிவிடுகிறார்கள். எத்தனையோ ஆட்டங்களில் தோற்றுவிட்டு, “ஏலே, ஏன் திரும்பி ஓட மாட்டேங்கிய?” என்று தொண்டை கிழியக் கேட்டிருக்கிறேன். எங்கே ஓடுவார்கள்? என் வாயைப் பார்த்துக்கொண்டல்லவா நின்றிருக்கிறார்கள்.

நோட்டில் எதையும் எழுதாமல் மூடி வைத்தேன்.

நான்கைந்து நாளில் தலை திரும்புவது குறைந்தது. அதற்கு நான் எதுவும் செய்யவில்லை. பெஞ்சிலிருந்து ஒன்றும் வராது என்று அவர்களுக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பிறகு அவர்களே ஒருவருக்கொருவர் பேசத் தொடங்கினார்கள். “ஏலே, எடது பக்கம் ஆள் வாரான்!” “பைய ஆடு லே, அவசரம் இல்ல!” ஸ்ரீவைகுண்டத்துப் பையன் ஒருவன், அணியிலேயே குள்ளமானவன், இரண்டு வருடமாக என்னிடம் ‘சரி சார்’ என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை. பந்தை மேலே கொண்டுபோகும் வேலை அவனுக்கு. அவனுக்கு அப்படி ஒரு கணீர்க் குரல் இருப்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

பேசாத ஆள் பக்கத்தில் இருப்பதையும் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள். எட்டாம் நாள் என்று நினைக்கிறேன். பயிற்சி முடிந்து, என் பெஞ்சுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் மூன்றாம் வருடப் பையன் ஒருவன் முதல் வருடத்துக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“இப்பம் சார் சும்மா இருக்காருன்னு நெனச்சுக்கிடாத. தொண்ட சரியானா பழையபடி ஏசுவாரு. காதுல வாங்காம ஆடணும், கேட்டியா? முன்னால மாஞ்சோலைக்கார அண்ணன் ஒருத்தர் இருந்தாராம். ஆறடி மூணு அங்குலமாம். அவுக அப்பா முன்னாடியே சார் என்னமோ சொல்லிட்டாருன்னு டீம் பனியன மடிச்சு வச்சிட்டுப் போனவருதான். அப்புறம் வரவே இல்லியாம்.”

அந்தக் கதையை அன்றைக்கே எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஐந்து வருடமாக ஒவ்வொரு அணியிலும் அடுத்த அணிக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

நடந்தது இதுதான். மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன். தாய், தகப்பன் இருவரும் தோட்டத்துத் தொழிலாளர்கள். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைக் குதித்துப் பிடிப்பதில் அவனைப்போல் ஒருவன் எனக்கு அதற்கு முன்னும் கிடைக்கவில்லை, பிறகும் கிடைக்கவில்லை. ஒரு நாள் எங்கள் மைதானத்தில் ஆட்டம். மகன் ஆடுவதைப் பார்க்க அவன் அப்பா மலைப்பாதை பஸ்ஸில் இறங்கி வந்திருந்தார். அவர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றது ஞாபகம் இருக்கிறது. பையன் அன்றைக்குச் சரியாக ஆடவில்லை. அப்பாவைப் பார்த்துப் பார்த்து ஆடினான். இரண்டு பந்தைக் கைநழுவ விட்டதும் நான் எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன்: “நீ கொழுந்து பறிக்கத்தான் லே லாயக்கு! மலைக்கே போயிரு!”

ஆட்டத்தை முடித்தான். பனியனை மடித்து என் பக்கத்தில் வைத்துவிட்டு அப்பாவோடு நடந்து போனான். படிப்பை முடித்தான், ஆனால் மைதானத்துக்கு வரவில்லை. திமிர் என்று நான் சொல்லிக்கொண்டேன். ஐந்து வருடம் அந்தச் சொல்லை வைத்தே சமாளித்தேன்.

பத்து நாள் முடிந்து மெல்லிய குரலில் பேச அனுமதி கிடைத்தது. போட்டியில் இடைவேளை எடுக்கும்போதெல்லாம் நான் பேசுவதைக் கேட்கப் பையன்கள் என் வாயருகே தலையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். அரையிறுதியில் பெரிய கல்லூரி ஒன்றிடம் நான்கு புள்ளியில் தோற்றோம். திரும்பி வரும் வேனில் ஸ்ரீவைகுண்டத்துப் பையன் கேட்டான்: “சார், நீங்க கத்திருந்தா ஜெயிச்சிருப்போமோ?” தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஞ்சோலைக்காரனைத் தேடிப் போனேன். வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறான் என்று பழைய மாணவன் ஒருவன் சொல்லியிருந்தான். இரண்டாம் மாடியில், மேல் தட்டிலிருந்த வேட்டிக் கட்டுகளை ஏணியில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

“வாங்க சார். வேட்டியா?”

“உன்னப் பாக்கத்தான் வந்தேன். அன்னைக்கு நான் சொன்னது...”

“கொரலுக்கு என்ன சார் ஆச்சு?”

சொன்னேன். கேட்டுக்கொண்டான். பிறகு, கடைக்குள் மேற்பார்வை பார்ப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னான்: “எனக்கு ஒண்ணும் இல்ல சார். அப்பாதான் அன்னைக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாயே தொறக்கல. பஸ்ஸுல ஏறுத நேரத்துல மட்டும் ஒண்ணு கேட்டாரு. ‘ஒங்க சார் கொழுந்து பறிச்சுப் பாத்திருக்காரா?’ன்னு.” வேட்டிக் கட்டை மறுபடி கையில் எடுத்தான். “நீங்க எதுனாலும் அவருகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட வேண்டாம்.”

தோட்டம் மூடப்பட்டு எல்லோரும் மலையிறங்கிய பிறகு அவன் அப்பாவும் அம்மாவும் கல்லிடைக்குறிச்சியில் வாடகைக்கு இருந்தார்கள். அன்று மதியமே அந்த வழியாக அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வளவில் ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள், கடைசி வீடு அவர்களுடையது. அவன் அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னார் என்று சொன்னேன்.

“சத்தமாச் சொல்லுங்க. தேயிலை ஃபேக்டரி மிஷின்கிட்ட நின்னு நின்னு காது போயிட்டு.”

கத்தக் கூடாது என்று மருத்துவர் சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் இருந்தார்கள். வேறு வழியில்லை. “அண்ணாச்சி, நான் ஒங்க பையனோட காலேஜ் சார்! அன்னைக்கு ஒங்க முன்னால தப்பாப் பேசிட்டேன்! மன்னிச்சுக்கிடுங்க!” என்று உடைந்த குரலில் சத்தம் போட்டேன். புடைக்கிற சத்தம் நின்றது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா, அடையாளம் தேடுகிறாரா என்று தெரியவில்லை. உள்ளே கையைக் காட்டி இன்னொரு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். உட்கார்ந்தேன்.

“அத விடுங்க. நான் ஒண்ணு கேக்கணும். எம் பய நல்லா ஆடுவானா?”

கையிலிருந்த எண்ணெயைக் காலில் துடைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“நான் அந்த ஒரு ஆட்டந்தான் பாத்தேன். நீங்க ஏசுனதப் பாத்துட்டு, இவனுக்கு ஆடத் தெரியாது போல, சும்மா நம்மகிட்ட பெருமையடிச்சிருக்கான்னு நெனச்சுக்கிட்டேன். லீவு போட்டு பஸ் ஏறி வந்தமேன்னு இருந்தது. அவன்ட்ட கேக்கவும் மனசு வரல.”

ஐந்து வருடம் அந்த மனிதர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன். நல்லா ஆடுவான் என்றேன். அவனை மாதிரி குதித்துப் பந்து பிடிக்கிறவன் எனக்கு இதுவரைக்கும் வாய்க்கவில்லை என்றேன். ஒரு ஆட்டத்தில் எதிரணிப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்து வந்து, ‘யார் அந்தப் பையன்?’ என்று கேட்டதைச் சொன்னேன். அதெல்லாம் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பது சொல்லும்போதே எனக்கு உறைத்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் “ம், ம்” என்று தலையாட்டினார். பிறகு உள்ளே பார்த்து, “ஏட்டி, நம்ம பய நல்லா ஆடுவானாம், சார் சொல்லுதாரு” என்று மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்.  கொழுந்து பறித்துக் காய்த்துப்போன அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

ஒரு வாரம் கழித்து மகன் போன் செய்தான். “அப்பாட்ட என்ன சார் சொன்னீங்க? வளவு பூரா எம் பய பெரிய ஆட்டக்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. எனக்கு வெக்கமா இருக்கு” என்றான். சிரிக்கிறான் என்று தெரிந்தது. ஒரு நாள் காலையில் மைதானத்துக்கு வா என்றேன். பார்க்கலாம் சார் என்றான். இதுவரை வரவில்லை. கடையில் வாரம் ஒரு நாள்தான் விடுமுறை, அன்றைக்கு அவன் கல்லிடைக்குறிச்சிக்குப் போக வேண்டும்.

குரல் திரும்பி வந்துவிட்டது, கொஞ்சம் கரகரப்போடு. நான் கத்துவதை அடியோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். போன வாரம்கூட ஒருவனை ஏசினேன். ஆனால் பயிற்சியில் முதல் இருபது நிமிடம் நான் வாய் திறப்பதில்லை என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். யாராவது அப்பா, அம்மா ஆட்டம் பார்க்க வந்தால், ஆட்டம் எப்படி முடிந்தாலும், அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.