சி டிரைவில் ஒரு வெற்றுக் கோப்பு

இராமேஸ்வரத்தில் நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜில், அமாவாசைக்கு முந்தின நாள் சர்வரின் சி டிரைவ் நிரம்பி, புக்கிங் நின்றுவிட்டது. கவுண்டர் முன்னால் யாத்ரீகர்கள் பெட்டிகளோடு நின்றார்கள். இராமநாதபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார் சர்வீஸ்காரர். அவருடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

எதை அழிப்பதற்கு முன்பும் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அழிக்கவாண்ணே?" என்று என்னைக் கேட்பார். "அழிங்க" என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கை திரும்பப் போகும். சர்வர் தானாக எழுதிக் குவித்திருந்த பழைய லாக் பதிவுகள் போயின. டெஸ்க்டாப்பில் நாங்கள் குவித்திருந்த ஆதார் நகல்கள் டி டிரைவுக்குப் போயின. சி டிரைவில் முப்பது ஜிபி இடம் கிடைத்தது. உடனே, உள்ளே ஒன்றுமே இல்லாத பத்து ஜிபி கோப்பு ஒன்றை அவரே அதில் உண்டாக்கி வைத்தார்.

திரையைக் காட்டிக் கேட்டேன். "இப்பத்தானங்க இடம் பண்ணுனோம்?"

"இருக்கட்டும்ண்ணே. திரும்ப ரொம்பிருச்சுன்னா இதத் தூக்கிருங்க. புக்கிங் ஓடும், அதுக்குள்ள நான் வந்துருவேன்." வாசல் வரை போனவர் திரும்பினார். "இத அழிக்க மட்டும் யாரையும் கேக்க வேணாம்."

நாலைந்து மாதத்தில் டிரைவ் திரும்ப நிரம்பி, புக்கிங் நின்றது. அந்தக் கோப்பின் மேல் மவுசை வைத்தேன். என் கை தானாக விலகியது. கவுண்டரில் முதலில் நின்ற பெரியவரைப் பார்த்து, "அழிக்கவா?" என்று கேட்டுவிட்டேன்.

"எதையோ அழிங்க தம்பி, ரூம் சாவியக் குடுங்க" என்றார் அவர்.

அழித்தேன். புக்கிங் திறந்தது. ஒன்றுமே இல்லாததை அழிக்க எனக்கு எதற்கு அனுமதி என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.