அண்ணை பொருத்திய பனிப்பாளங்கள்

வியாழனின் நிலாக்களில் ஒன்றான யூரோப்பாவின் படம் அது. முன்னொரு காலம் அந்தப் பக்கம் போன விண்கலம் எடுத்தது. அதைக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, பனிப்பாளங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்து, கடித உறையில் போட்டு, அண்ணை பொருத்திப் பார்க்கட்டும் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கிழமைக்கு மூன்று நாள், நாலு மணித்தியாலம், அண்ணையின் இரத்தத்தை மெசின் சுத்தப்படுத்தும். ஒரு கையில் ஊசி. மயிலிட்டியில் வள்ளத்து எஞ்சின் திருத்திய மற்றக் கை சும்மா கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கம்பஸில் புவியியல் படிப்பிக்கும் எனக்கு அந்தப் படம் பழக்கம். யூரோப்பாவின் மேலோடு முழுக்கப் பனி. அடியில் உப்புக்கடல் என்று நம்புகிறார்கள். ஓரிடத்தில் மேலோடு உடைந்து, துண்டுகள் விலகியும் திரும்பியும் மறுபடி உறைந்து கிடக்கின்றன. உடைவதற்கு முன் அவற்றின் மேல் ஓடிய வரப்புகள் இன்னும் தெரியும். அந்த வரப்புகளை நேர்ப்படுத்தினால் பழைய தரை திரும்பி வரும்.

ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் கொட்டுவதுதான் அண்ணைக்குத் தெரியும். ஆனாலும் முதல் நாளே, "உது திரும்பிப்போய் நிக்குது பிள்ளை, கொஞ்சம் இஞ்சாலை திருப்பு" என்றார். அச்சொட்டாகப் பொருந்தியது. இரண்டு கிழமையில் ஓரமெல்லாம் சேர்ந்துவிட்டது; நடுவில் மட்டும் வெறுமை.

"மிச்சம் எங்கை?"

"நொறுங்கிப் போச்சு அண்ணை. இனிக் கிடைக்காது."

"வடிவாத் தேடிப் பாத்தனியோ?"

அந்தக் கிழமைதான், என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்தாது என்று சொன்னார்கள். அண்ணிக்கு நீரிழிவு. வேறு ஆளில்லை. முடிவைச் சொன்னபோது அண்ணைதான் என்னைத் தேற்றினார். கன்ரீன் வாசலில் போய் நின்று அழுதேன்.

மாரி தொடங்க, அவருக்கு மூச்சுவிடவே கஷ்டமாயிற்று. புதிய விண்கலம் ஒன்று யூரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தேன்.

"அது எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்டார்.

இன்னும் எத்தனையோ வருடம். "வாற வருசம்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "உனக்குச் சின்னனிலை இருந்தே பொய் சொல்ல வராது. சரி, வாற வருசமெண்டே வைப்பம். அங்கை போய் என்னத்தைப் பாக்கும்?"

பனி எவ்வளவு தடிப்பு, எந்த வெடிப்பால் உப்புத்தண்ணீர் மேலே வருகிறது என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் கண்ணை மூடினார். நித்திரையாக்கும் என்று நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதை. கதை."

தாதி வந்து குழாயைக் கழற்றும்வரை கதைத்தேன். கொடுப்பதற்கு வேறொன்றும் என்னிடம் இருக்கவில்லை.

மெசினில் போடும் அடுத்த நாளுக்கு அண்ணை இல்லை. இப்போது அந்தப் பாடம் வரும்போது, பிள்ளைகள் கேட்காததையும் சொல்லிக்கொண்டே போகிறேன், நேரம் முடிந்து அவர்கள் கொப்பிகளை மூடிய பிறகும்.