தாவிய ராஜா

அந்தக் கம்பவுண்டரைக் கண்டாலே எனக்கு எரியும். எழுபதுகளில், தருமபுரி வாசகசாலையில் நான் சதுரங்கப் பலகையை விரித்ததும், டிஞ்சர் வாடையோடு வந்து எதிரே உட்காருவார். வெட்டிய காயைக் கீழே வைக்க மாட்டார். மோதிரத்தில் பட்டு டக்டக்கென்று சத்தம் வர, உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பார்.

ஒருநாள் வாரப் பத்திரிகையில் வந்த புதிரைப் பலகையில் அடுக்கினேன். வெள்ளை ஆடி, கறுப்பு ராணியைப் பிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு வெள்ளைக் குதிரையை நகர்த்தினேன். ராஜாவுக்கு செக், அதே இடத்திலிருந்து ராணிக்கும் குறி.

"ராஜா ஒதுங்கித்தான் ஆகணும். ராணி போச்சுங்க" என்றேன்.

அவர் கறுப்பு ராஜாவை எடுத்தார். குதிரை மாதிரியே தாவ வைத்து என் குதிரையை வெட்டினார்.

"ராஜா ஒருவாட்டி குதிரையாட்டம் தாவலாமுங்க. எங்க காரிமங்கலத்துல அப்படித்தான்."

"இது பேப்பர்ல வந்த கணக்குங்க!"

"அந்தப் பேப்பர்காரனை எங்கூருக்கு வந்து ஆடச் சொல்லுங்க."

பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து வந்தேன். அப்புறம் அவரோடு பேசவே இல்லை. ஆனாலும் எந்தப் புதிரில் குதிரை இப்படி இரட்டைக் குறி வைத்தாலும், அந்த ராஜா தாவிவிடுமோ என்று இன்றும் ஒரு கணம் தயங்குகிறேன். என் குதிரை இன்னமும் அவர் உள்ளங்கையில்தான் உருள்கிறது.