அக்கா தேர்வுக்குப் போகாத நாள்

அக்கா சென்னையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு விடுமுறையும் முடிந்து அவள் கிளம்புகிற அன்று எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அக்காவைத் தடுத்து நிறுத்த வேறு வழி தெரியவில்லை. அந்த முறை அதுவும் வரவில்லை.

அன்று பத்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. ஐயம்பேட்டையிலிருந்து அப்பா தன் ஷேர் ஆட்டோவில் விடியும்போதே எங்களைக் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் கொண்டுவந்து சேர்த்தார். சென்னைப் பேருந்து புறப்படத் தயாராக நின்றது.

அப்போதுதான் ஒரு பெரியவர் நடைமேடையில் சரிந்து விழுந்தார். கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர். பக்கத்தில் அவர் மனைவி தெலுங்கில் கதறினார். அக்கா ஓடிப்போய்ப் பெரியவரின் மார்பை அழுத்தத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் வந்ததும் அதிலிருந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள். அந்த அம்மா மட்டும் அக்காவின் கையைப் பிடித்தபடியே நின்றார்.

"அதான் ஆம்புலன்ஸ் வந்துடுச்சே. இனிமே உனுக்கு இன்னா வேல? பஸ் ஏறுமா," என்றார் அப்பா.

"அந்தம்மா கைய வுடலப்பா. தனியா அழுதுக்கினு இருக்குது."

"பரீட்ச போயிடும்மா!"

அக்கா ஆம்புலன்ஸில் ஏறிவிட்டாள். பேருந்தும் போய்விட்டது.

பெரியவர் பிழைக்கவில்லை. நெல்லூரிலிருந்து மகன் வரும்வரை அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மாவோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் பிற்பகலில்தான் வீடு திரும்பினாள். அம்மா அடுப்படியில் நின்று அழுதாள். யாரும் சாப்பிடவில்லை. நான் மட்டும் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அக்கா எனக்கு ஜடை பின்னிவிட்டாள்.

"அந்தத் தாத்தாதான் செத்துட்டாரே, அப்புறம் ஏன்க்கா அங்கியே இருந்த?"

"அந்தம்மா உயிரோடதான இருந்தாங்க, பாப்பா."

எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு அரை வருடம் வீணாகிவிட்டது என்பதும், அவள் அப்பாவுக்குத் தெரியாமல் முகம் கழுவப் போய்ப் போய் வந்தது எதற்கென்பதும் தெரியவில்லை.

அக்கா இப்போது எங்கோ வடக்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். நான் போன் செய்தால், யாரோ ஒருவர் பக்கத்தில் இருக்கிறார், அப்புறம் பேசுகிறேன் என்பாள். அந்த யாரோ ஒருவர்மீது எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை உண்டு.

அன்று அம்மா விளக்கேற்றியபோது நான் மட்டும் உற்சாகமாகக் கைகூப்பி நின்றேன். அக்கா எல்லாத் தேர்வையும் இப்படியே தவறவிட வேண்டும் என்று சாமியிடம் மனமாரக் கேட்டுக்கொண்டேன்.