அம்மாவின் வக்கீலுக்காக விற்ற மாடு

அப்பாவும் அம்மாவும் விவாகரத்துக்காகக் கும்பகோணம் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தவர் யாருமில்லை. அம்மாவின் வக்கீல் செலவை அப்பாவே கொடுக்க வேண்டும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டிருந்தார். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுப்பதுபோல அம்மாவுக்கு வக்கீல் எடுத்துக் கொடுக்கிறார், ஆகவே சண்டை தீர்ந்தது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். மூன்றாம் வகுப்புக்கு அந்தச் சட்ட அறிவு போதும்.

அம்மா மாயவரத்தில் மாமா வீட்டில் இருந்தாள், நான் அப்பாவிடம். நான் யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கில் முக்கால் பங்கு. அம்மாவிடம் காசில்லை, அப்பாவிடமும் இல்லை. எங்கள் வயலில் குத்தகைத் தகராறு. வரப்பில் விவசாய சங்கத்தார் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கதிர் முற்றித் தலை சாய்ந்தும் அறுப்பாரில்லை.

சித்தப்பா யோசனை சொன்னார். "கட்டாம இழுத்தடிங்கண்ணே. வக்கீல் இல்லாம அண்ணி எத்தன நாளு நிப்பாங்க? புள்ள இங்கயே இருந்துரும்."

அப்பா தொழுவத்தில் நின்ற பசுவைப் பார்த்தார். "அவளப் பேச விடாம ஜெயிச்சுட்டு, நாளைக்கு இது மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?" என்றார். 'இது' என்றது என்னைத்தான்.

மறுநாள் விடிந்ததும் செவலைப் பசுவை ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரையோடு திருவிடைமருதூருக்கு நடந்தோம். தண்ணீர்மேல் பனி படுத்திருந்தது. முன்னால் போன அப்பாவின் வேட்டி தெரிந்தது, மறைந்தது. மாட்டின் மணி மட்டும் விடாமல் கேட்டது. அந்த நடை இன்னும் முடியவில்லை என்று சில காலைகளில் எனக்குத் தோன்றும். அம்மா வீட்டுக்கு வரும் அன்று என்ன ரிப்பன் கட்டிக்கொள்ளலாம் என்று யோசித்தபடியே போனேன்.

மாட்டை வாங்கிய பால்காரர் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் கயிற்றை மாட்டினார். அப்பா பழைய கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். நைந்த கயிறு எதற்கு என்று கேட்டேன்.

"மாடு போனாலும் கயிறு நம்ம வீட்டுக்கு வந்துரணும்மா. இல்லன்னா தொழுவத்துல ஒண்ணும் தங்காது."

கஞ்சத்தனத்துக்குப் பெரியவர்கள் என்னென்ன பெயரெல்லாம் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் வக்கீல் நன்றாகவே வாதாடினார், செவலை வீண்போகவில்லை. நான் அம்மாவிடம் வளர வேண்டும், லீவுக்கு மட்டும் அப்பாவிடம் போகலாம் என்று தீர்ப்பானது. மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பப் போகிறோம் என்று நம்பியிருந்த எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அம்மா மாயவரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னை வளையல் கடைக்கு அழைத்துப் போய் ஒரு ஜோடி சிவப்பு ரிப்பன் வாங்கினார். சடையிலிருந்த பழசை அவிழ்த்துவிட்டு, புதுசைக் கோணல்மாணலாகக் கட்டிவிட்டார். பழசைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் கிளம்பியதும் அம்மாவிடம் கோள் சொன்னேன். "அப்பா ரொம்பக் கஞ்சம்மா. நைஞ்சுபோன ரிப்பனைக்கூடக் கழட்டி வச்சுக்கிட்டாரு. செவலைக் கயித்தையும் இப்படித்தான்."

அம்மாவும் மாடு கட்டிய வீட்டில் பிறந்தவள்தான். மாயவரம் வரும்வரை அவள் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. புது ரிப்பன் அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.