காலி என்று எழுதிய பெட்டி

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. நாலு பேருக்கு இட்லி அடுக்கலாம், அவ்வளவு பெரிது.

மகள் கயல்விழி வேலூரில் ஆராய்ச்சி மாணவி. லேபுக்கு விடுமுறை என்பதால் பார்சலை ஆரணி வீட்டுக்கே வரவழைத்திருந்தாள். அவளும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். போனில் ஒரே உத்தரவுதான்.

"அப்பா, உள்ள ஒரு சின்ன பாட்டில் இருக்கும். வாங்கி ஃப்ரீசர்ல வைங்க. வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

ஒன்றும் பண்ணாமல் இருந்திருப்பேன்... என் மனைவியின் அண்ணன் தாமோதரன் அன்றைக்கு வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால்.

மச்சானுக்குப் பட்டு வியாபாரம். நூலோ ஜரிகையோ, எந்தப் பார்சல் வந்தாலும் கொண்டுவந்தவர் கண்ணெதிரே பிரித்துப் பார்த்த பிறகுதான் வாங்குவார். சரியில்லையா? காரணத்தைப் பெட்டி மேலேயே மார்க்கரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வந்த வழியே அனுப்பிவிடுவார். முப்பது வருடப் பழக்கம்.

கூரியர்காரரை நிற்க வைத்துப் பெட்டியைப் பிரித்தார். ஐஸ் பாக்கெட்டுகள். அதற்குள் ஒரு கவர். கவருக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பாட்டில். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். என்னிடமும் நீட்டினார். நானும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

"இன்னா மாப்ள, வெறும் பாட்டில ஐஸ் வச்சு அனுப்பிகிறான்?"

"கயலுக்கு ஒரு போன் போட்டுடலாமே?"

"பஸ்ல வந்துகினு இருக்கிற புள்ளைய ஏன் பேஜார் பண்றீங்க? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். மூடி மேல் கொட்டை எழுத்தில் 'காலி' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் திருப்பி அனுப்பினார். குழந்தையை ஏமாற்றப் பார்த்தவனைப் பிடித்துவிட்ட பெருமிதம் அவருக்கு. எனக்கும்தான்... மறைப்பானேன்?

அரை மணி நேரத்தில் கயல் வந்தாள். ஃப்ரீசரைத் திறந்தாள். மூடினாள். நாங்கள் நடந்ததைச் சொன்னோம். அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"அது காலி இல்லப்பா. உலர வச்ச புரதம். கண்ணுக்கே தெரியாது. ரெண்டு மாசம் காத்திருந்து வாங்கினது. திங்கட்கிழமை செல்லு மேல போடணும். இல்லன்னா நான் வளர்த்து வச்ச செல்லெல்லாம் வீணாயிடும். மறுபடி முதல்லேர்ந்து..."

மச்சான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

கயல் கூரியர்காரருக்குப் போன் போட, அவர் சேவூரில் இருப்பதாகச் சொன்னார். மச்சான் வண்டி ஓட்ட, நான் பின்னால். நிதானத்துக்குப் பேர் போனவர் அன்று இரண்டு டவுன் பஸ்களை முந்தினார். சேவூரில் ஒரு தறி வீட்டு வாசலில் ஆளைப் பிடித்தோம்.

"காலின்னு நீங்கதான சார் எழுதிக் கொடுத்தீங்க? ரிட்டர்ன் போட்டுட்டனே..."

கெஞ்சினோம். அவர் ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசினார். கடைசியில் ஒரு நிபந்தனை. "அதே மூடி மேல மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது பாருங்க."

மச்சான் மார்க்கரை எடுத்தார். 'காலி'யை அடித்தார். கொஞ்சம் யோசித்து, கீழே எழுதினார்: 'உள்ளே சரக்கு இருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.'

ஐஸ் இளகுவதற்குள் பாட்டில் ஃப்ரீசருக்குப் போனது. சாயங்காலம் கயல் பொறுமையாக விளக்கினாள். அடிபட்ட இடத்தில் ஒரு செல் மற்ற செல்களுக்கு 'ஆபத்து, வாங்க' என்று ஆள் அனுப்புமாம். அந்த ஆள்தான் சைட்டோகைன் என்ற புரதம். அது வந்தால்தான் வீக்கம், சூடு எல்லாம். மனித உடம்பிலிருந்து அதற்கான ஜீனை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே இந்தப் புரதத்தைத் தயாரிக்க வைக்கிறார்களாம்.

"இத்துனூண்டா அவ்ளோ வேலை பண்ணும்?" என்றார் மச்சான். நம்பவில்லை. தராசில் நிற்காத எதையும் அவர் நம்புவதில்லை.

ஆனால், ஒரு கல்யாணப் பந்தியில் தன் கூடப்பிறந்த தம்பி சொன்ன ஒற்றை வார்த்தைக்காக எட்டு வருடமாக முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர் இவர். அந்த வார்த்தை எத்தனை கிராம் இருந்திருக்கும்?

நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒன்று உண்டுதானே? கண்ணுக்குத் தெரியாது... வீக்கம் மட்டும் வடியவே வடியாது.

நேற்று கயலிடமிருந்து செய்தி வந்தது. சோதனை நன்றாக வந்துவிட்டதாம். கூடவே ஒரு போட்டோ. அந்தத் தெர்மாகோல் பெட்டியில்தான் இப்போது லேபில் எல்லோரும் ஐஸ் போட்டு வைக்கிறார்களாம். மூடியில் மச்சானின் இரண்டு வாக்குமூலங்களும் அப்படியே இருக்கின்றன.

போட்டோவை மச்சானிடம் காட்டினேன். பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மாப்ள, இதைத் தம்பிக்கு அனுப்பறதுன்னா எப்படி அனுப்பணும்?"